தாங்கள் பார்க்காத அந்த நடை

நோயாளர் அறிக்கைகளை நுணுகி நுணுகி ஆய்ந்து, நம்பத் தகுந்ததை நெஞ்சார ஏற்று, நம்பத் தகாததைப் புன்னகை மாறாமல் திருப்பி அனுப்பிய நேர்மையின் நிலைக்கண்ணாடியே! அவசரப்பட்டோர்க்கு அணையே! ஆர்ப்பரித்தோர்க்கு அமைதியே! எங்கள் பிரிவின் இதயமே, எங்கள் பிழைகளின் பகையே, பாசத்துக்குரிய டாக்டர் மதலேனா அம்மையீர்! வணக்கம், வணக்கம், மீண்டும் வணக்கம்!

இந்த விளி இத்தோடு நிற்பது தங்களுக்கு வியப்பாக இருக்கலாம். இன்னும் இரண்டு பக்கம் இருந்தது. எழுதியவர் நம் பிரபாகர். கருணைக் கடலே, காருண்ய மேகமே என்று நீரும் ஆகாயமுமாகக் கலந்து கொட்டியிருந்தார். அதை வாங்கிப் படித்தவர் சம்சுன்னிசா அம்மையார். நம் பிரிவின் புள்ளியியலாளர், தங்களோடு ஒரே அறையில் இத்தனை ஆண்டுகள் உட்கார்ந்தவர், தங்களிடம் சண்டை போடும் உரிமை பெற்ற ஒரே ஆள். படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "பிரபாகர், இத அவங்க முன்னாடி படிச்சீங்கன்னா, மாலையும் கழுத்துமா உக்காந்துக்கிட்டே கையத் தூக்குவாங்க. கடல்னு சொன்னீங்களே, யாரு அளந்தாங்கன்னு கேப்பாங்க. அத்தன பேர் முன்னாடி என்ன பதில் சொல்லுவீங்க, சொல்லுங்க பாப்போம்!" கடல் வற்றியது, மேகம் கலைந்தது. பிரபாகருக்கு இன்னும் அதில் வருத்தம்தான். சாப்பாட்டின்போது தாங்கள் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிடுங்கள்.

ஃபேரர் பார்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், தங்கள் பிரிவுபசார விருந்து நடக்கும் இந்த உணவகத்தின் மாடியில், இலை போடுவதற்குள் வாசித்து முடிக்க வேண்டும் என்று சமையற்கட்டிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. தங்கள் பட்டங்களையும் பதவிகளையும் விருதுகளையும் துறைத் தலைவர் ஆங்கிலத்தில் அழகாக எடுத்துரைத்துவிட்டார். அந்தப் பொறுப்பு எங்களுக்கு இல்லை. பிரிவில் தமிழ் பேசும் நாங்கள் சிலர் சொல்ல வந்தது ஒரே ஒரு நிகழ்ச்சி. அதையும் சம்சுன்னிசா அம்மையார் கண்டும் கேட்டும் பட்டும் அறிந்தபடியேதான் சொல்லப் போகிறோம்.

மருத்துவம் அறியாத உறவினர்களும் இங்கே இருக்கிறீர்கள்; உங்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு மருத்துவர் தாம் பார்த்த ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதுவதுதான் நோயாளர் அறிக்கை. இன்னார்க்கு இன்ன நோய், இன்ன மருந்து கொடுத்தோம், இப்படி ஆயிற்று என்று அது சொல்லும். அந்தச் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று எடை போட்டுச் சொல்வது எங்கள் வேலை. எடை போடும் கை மதலேனா அம்மையாருடையது.

அந்தக் கையின் கனத்தை உணராதவர் யார்! ஓயாத விக்கலை ஒரே மாத்திரையில் நிறுத்தினோம் என்று ஓர் அறிக்கை வந்தது. அதை ஆகா ஓகோ என்று புகழ்ந்துகொண்டே உள்ளே வந்தார் ரிஸ்வான். தாங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மாத்திர குடுக்கலன்னா அந்த விக்கல் நின்னிருக்காதா, ரிஸ்வான்? மூணு நாளா இருந்த விக்கல், நாலாவது நாளு தானா போயிருந்தா?" என்று கேட்டீர்கள். ரிஸ்வான் அப்படியே திரும்பி வெளியே போனதை நாங்கள் இன்றும் நடித்துக் காட்டுவோம். சரியாக நடிப்பவர் ரிஸ்வானேதான்.

ஆனால் அம்மையீர், தங்களைத் தட்டிக் கழிப்பவர் என்று எவராவது நினைத்தால் அவர்கள் தங்களை அறியாதவர்கள். ஒரு சின்ன மருந்தகத்திலிருந்து தப்பும் தவறுமான மொழியில் ஓர் அறிக்கை வந்தது. மாத்திரை சாப்பிட்ட பெண்ணுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. நிறுத்தியதும் அமுங்கியது. மறந்துபோய் அவர் மறுபடி விழுங்கிவிட, அதே இடத்தில் அதே தடிப்பு. மொழியைப் பார்த்து முகம் சுளித்தோம் நாங்கள். தாங்களோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தீர்கள். "நிறுத்தினா போகுது, சாப்பிட்டா வருது. இதவிட என்ன வேணும்? எழுத்து கோணலா இருந்தா என்ன, பார்வை நேரா இருக்கே!" என்றீர்கள். அந்த மாத்திரைக்கு எச்சரிக்கை போனது தங்களால். ஒரே ஒரு ஆள்தானே என்று தாங்கள் யாரையும் தள்ளியதில்லை. அந்த ஒரே ஆளை எப்படிப் பார்த்தார்கள் என்றுதான் கேட்டீர்கள்.

நம் அறைக்குத் தாங்கள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினீர்கள். யாருடைய வீட்டாரைத் தொட்டு ஓர் அறிக்கை வருகிறதோ, அவர் அன்று மதிப்பீட்டில் உட்காரக்கூடாது. வெளியே போய் மற்றவர்களுக்கெல்லாம் தேநீர் வாங்கி வர வேண்டும். பிள்ளையின் தோல் அரிப்புக்காகப் பிரபாகர் போயிருக்கிறார். மாமியாரின் முழங்காலுக்காக ரிஸ்வான் போயிருக்கிறார். பாசம் உள்ளவர் கண்ணுக்கு எல்லாச் சான்றும் பளபளக்கும் என்பது தங்கள் கட்சி. நாங்களும் சிரித்துக்கொண்டே குடித்தோம். தாங்களும் ஒருநாள் போவீர்கள் என்று எங்களில் யாரும் எண்ணியதில்லை.

தங்கள் கணவர் ஆர்னால்ட் அண்ணனை இங்கே எல்லாருக்கும் தெரியும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கப்பலுக்கு மேலே, காற்று அறைகிற உயரத்தில், குறுகலான இரும்புப் பாதையில் விசிலடித்துக்கொண்டு நடந்த மனிதர். அவருக்குச் சிறுமூளை மெல்ல மெல்லத் தேய்கிற நோய் வந்தது. கால் சொன்ன பேச்சுக் கேட்காமல் போனது. புக்கிட் பாஞ்சாங்கில் தம் வீட்டு வாசலில், சமதளத்தில், பால் வாங்கப் போனவர் விழுந்தார். அப்போது மகள் செரினாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தேவாலய வாசலிலிருந்து பீடம் வரைக்கும் மகளைக் கைபிடித்து நடத்திக் கொண்டுபோய் மாப்பிள்ளையிடம் கொடுக்க வேண்டும்; அண்ணனுக்கு அதைத் தவிர வேறு ஆசை இல்லை. "வீல்சேர்ல போனா என்ன டாடி, நான் தள்ளிட்டுப் போறேன்" என்று செரினா சொன்னாராம். அண்ணன் அன்று இரவு சாப்பிடவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை. தாங்கள் வந்தீர்கள், பையைக்கூட இறக்காமல் சம்சுன்னிசா அம்மையாரின் மேசையில் ஓர் அறிக்கையைக் கவிழ்த்து வைத்தீர்கள்.

"சம்சு, இது எங்க வீட்டு அறிக்கை. செரினா இன்டர்நெட்ல எடுத்தா. நான் டீத்தண்ணி வாங்கிட்டு வரேன். ஆளுக்கு என்ன வேணும்?"

பிரபாகர்தான், "தே ஓ, டாக்டர்" என்று பாலில்லாத தேநீர் கேட்டார். அவர் தேநீரே குடிப்பதில்லை.

அந்த அறிக்கையை இப்போது சொன்னாலும் சம்சுன்னிசா அம்மையாருக்குக் கோபம் வரும். எங்கோ ஓர் ஊரில் ஒருவர். ஆர்னால்ட் அண்ணனைப் போலவே தள்ளாட்டம். வேறொரு நோய்க்கான மாத்திரையை அவருக்குக் கொடுத்தார்கள். சில வாரங்களில் எழுந்து நடந்தார், படி ஏறினார், மகனோடு பந்து விளையாடினார். அதை எழுதிய மருத்துவரின் மகிழ்ச்சி ஒவ்வொரு வரியிலும் வழிந்தது. படிக்கப் படிக்கச் சம்சுன்னிசா அம்மையாருக்கு உள்ளே ஒரு வேண்டுதல். யா அல்லாஹ், இது உண்மையாக இருக்கட்டும். அண்ணன் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கை ஆண்டு தவறாமல் சாப்பிட்ட வாய் அது. நோன்புப் பெருநாளன்று அம்மையார் வீட்டு வாசலில் முதல் ஆளாக வந்து நின்று, "சம்சு, ரெண்டாவது தட்டு பிரியாணி எங்க லா?" என்று கேட்கும் மனிதர் எழுந்து நடக்க வேண்டும் என்று யார்தான் வேண்டமாட்டார்கள்?

வேண்டிக்கொண்டே எல்லாரும் கேள்விகளையும் கேட்டோம். நன்றாக நடந்தார் என்று சொன்னது யார்? மருந்து கொடுத்த மருத்துவரே. எதை வைத்து அளந்தார்? அளக்கவில்லை. இதே மாத்திரையைச் சாப்பிட்டு நடக்காமல் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களைப் பற்றி யார் எழுதுவார்கள்! ரிஸ்வான்தான் கடைசிப் பக்கத்தில் அந்த வரியைப் பார்த்தார். பார்த்துவிட்டு அதன்மேல் விரலை வைத்துக் காட்டினார். அந்த நோயாளி அதே மாதத்தில் குடியை விட்டிருந்தார். நெடுநாள் குடிப்பவர்க்குச் சிறுமூளை தளரும், நிறுத்தினால் நடை தேறுவதும் உண்டு. அவர் நடந்தது மாத்திரையாலா, புட்டியை மூடியதாலா? ஆர்னால்ட் அண்ணனோ மூடுவதற்குப் புட்டியே இல்லாதவர்.

"இந்த வரி கண்ணுலயே படாம இருந்திருக்கக் கூடாதா?" என்றார் சம்சுன்னிசா அம்மையார். சொல்லிவிட்டுத் தம் கையாலேயே சான்றின் தரத்தை எழுதினார்: மிகக் குறைவு.

கதவைத் திறந்தால், வெளியே தாங்கள் நிற்கிறீர்கள். இரண்டு கையிலும் தேநீர் ஊற்றிக் கட்டிய பைகள் தொங்குகின்றன. எப்போதோ வந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. எல்லாம் ஆறிப் போயிருந்தன. உள்ளே வந்து, ஒவ்வொருவர் முன்னும் ஒவ்வொன்றை வைத்துவிட்டு, "சொல்லு சம்சு" என்றீர்கள். அவர் வாசித்தார். தாங்கள் கேட்டு முடித்து, "சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்றீர்கள். பிறகு, "அப்ப தெரியாதுன்னு அர்த்தம். இல்லன்னு அர்த்தம் இல்ல, தெரியாது" என்று ஏதோ தங்களுக்கே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னீர்கள்.

அதை வீட்டில் சொல்லத் தங்களுக்குத் துணை வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தாங்கள் வீடு திரும்பும்போது சம்சுன்னிசா அம்மையாரும் வந்து சேர்ந்தார். செரினா முழுதாகக் கேட்கவே இல்லை.

"மம்மி, உங்களுக்கு டாடிய விட எவிடன்ஸ்தான் பெருசா? அந்த ஆளு நடந்தாரு லா! டாடி நடக்க வேணாமா? யாரோ பேஷண்ட் மாதிரி பேசுறீங்க!"

பெற்ற பிள்ளை அப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்! தாங்கள் சோபாவின் ஓரத்தில் அசையாமல் இருந்தீர்கள். சம்சுன்னிசா அம்மையாருக்குத்தான் பொங்கிக்கொண்டு வந்தது. "செரினா, ஒங்க அம்மா அன்னைக்கு வாசல்ல நின்ன நிலைய நீ பாத்திருக்கணும்..." என்று தொடங்கினார். அதற்குள் உள்ளறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே அண்ணன் வந்துவிட்டார்.

"எதுக்குச் சண்ட? தெரியாதுன்னுதானே சொல்றாங்க. அப்ப என்னைய வெச்சே பாத்துருங்க. கிரேன்ல புதுக் கேபிள் போட்டா நாங்க ஆளையா தூக்குவோம்? வெறும் பெட்டியத் தூக்கிப் பாப்போம். நான் பெட்டி."

இப்படித்தான் தொடங்கியது அந்தச் சோதனை. அவையோர்க்கு அதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஒரே மாதிரியான கேப்சூல்கள். சில வாரம் உள்ளே உண்மையான மருந்து இருக்கும், சில வாரம் வெறும் மாவு இருக்கும். நடுவே இடைவெளி விட்டு, மாற்றி மாற்றிக் கொடுப்பது. எது எப்போது என்று சாப்பிடுபவருக்கும் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது. அண்ணனின் நரம்பியல் மருத்துவர் சம்மதித்தார், நெறிமுறைக் குழுவும் அனுமதித்தது. பொறுப்பு சம்சுன்னிசா அம்மையாருக்கு. நடையைப் படம் பிடிப்பது அவர் வேலை. மதிப்பெண் போடுவது பிரபாகரும் ரிஸ்வானும், ஒருவரோடொருவர் பேசாமல். தாங்கள் எதிலும் இல்லை. தாங்களே அப்படிக் கேட்டுக்கொண்டீர்கள்.

எது மருந்து, எது மாவு என்று தெரிந்தவர் ஒருவர் மட்டுமே: மருந்தாளர் ரமீஸ். ஐயோ, அந்த மனிதர் பட்ட பாடு! அண்ணன் அவரைப் பார்த்த இடத்திலெல்லாம் முகத்தையே உற்றுப் பார்ப்பார். வீட்டுக்குச் சாப்பிட வா என்பார். ஒருமுறை மட்டன் பிரியாணியைத் தூக்குச் சட்டியில் கட்டி மருந்தகத்துக்கே அனுப்பிவிட்டார். "சாப்டுட்டேன் அண்ணே, ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா சொல்ல மாட்டேன்" என்று போனிலேயே சொன்னார் ரமீஸ். நேரில் போனால் முகம் காட்டிக் கொடுத்துவிடுமோ என்று புக்கிட் பாஞ்சாங் பக்கமே அவர் தலைவைக்கவில்லை.

வாரந்தோறும் அவர் குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்கின் நீண்ட தாழ்வாரத்தில் அண்ணன் நடப்பார், சம்சுன்னிசா அம்மையார் கைப்பேசியைப் பிடித்தபடி பின்னாலேயே போவார். எதிர்வீட்டு லீலா அக்கா கதவைத் திறந்து, "என்ன ஆர்னால்ட், டிவி நாடகமா? ஈரோயின் யாரு?" என்பார். "இவங்கதான் டைரக்டர், ஈரோயின் வேலைக்குப் போயிருக்கா" என்பார் அண்ணன். சிரிப்பில் தடுமாறி, அந்த நடை செல்லாது என்று திரும்ப எடுத்ததும் உண்டு.

ஈரோயின் பாடு எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரே வீடு, ஒரே மேசை, ஒரே மனிதர். ஒரு காலையில் அவர் நன்றாக நடந்தால், நல்லா நடக்கிறீங்களே என்று ஒரு மனைவி சொல்லக்கூடாது. சொன்னால் அவர் நம்பிவிடுவார், நம்பினால் கால் மாறிவிடும். தள்ளாடினால் பதறவும் கூடாது. மாதக்கணக்கில் தாங்கள் தங்கள் முகத்தையே கட்டிப் போட்டிருந்தீர்கள். "சில நாள் குளிக்கிற ரூம்ல போய் நின்னுக்குவேன், சம்சு" என்று ஒருமுறை சொன்னீர்கள்.

எது மருந்து, எது மாவு என்ற முடிச்சை அவிழ்க்கும் நாள் வந்தது. நம் கூட்ட அறையில் எல்லாரும் இருந்தோம். அண்ணன் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். பக்கத்தில் செரினா, அவர் பக்கத்தில் மாப்பிள்ளை ஜோனத்தன். தாங்கள் கதவோரம் கடைசி நாற்காலியில். முதலில் அண்ணனைக் கேட்டார்கள், எந்த வாரங்களில் மருந்து என்று தோன்றியது என்று. கேள்வி முடியவில்லை, அவர் பதில் முந்திக்கொண்டது.

"நடுவுல ஒரு நாலு வாரம். தீபாவளி லைட்டு போட்டிருந்தாங்களே, அப்ப. சந்தேகமே வேணாம் லா! சுவரத் தொடாம லிஃப்ட் வரைக்கும் போனேன். அதான் மருந்து."

பிரபாகரும் ரிஸ்வானும் போட்ட மதிப்பெண்களும் அதையே சொல்லின. அந்த வாரங்களில்தான் நடை சற்று நன்றாக இருந்தது. செரினா அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இப்போது எல்லாரும் ரமீஸைப் பார்த்தோம். அவர் எழுந்து நின்றார். சம்சுன்னிசா அம்மையார் அவர் முகத்தைப் பார்த்தார், பார்த்ததுமே புரிந்துகொண்டு கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணே... அது மாவு அண்ணே."

மருந்து கொடுத்த வாரங்களில்தான் அவருக்கு மயக்கமும் கூடுதல் தள்ளாட்டமும். அந்த மாத்திரை அவரை நடக்க வைக்கவில்லை. ஏதாவது செய்ததென்றால் கெடுதல்தான் செய்தது. செரினா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணன் மட்டும் ரமீஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாவா?"

"ஆமா அண்ணே."

"அப்ப லிஃப்ட் வரைக்கும் போனது? அது என் சொந்தக் காலா?"

ரமீஸ் தலையாட்டினார்.

"அட, கழுத!" என்றார் அண்ணன். என்றுவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அழுதுகொண்டிருந்த மகளும் சேர்ந்து சிரிக்கும்படி சிரித்தார். "செரினா, டாடி கால்லயே நடந்திருக்கேன்மா! இன்னும் இருக்கு, கொஞ்சம் இருக்கு!"

தாங்கள் கதவோரத்திலிருந்து எழுந்து வந்து அவர் பின்னால் நின்றீர்கள். சற்று நேரம் கழித்து, "சம்சு, இத எழுதணும். ஒண்ணும் ஆகலன்னு எழுதணும். இல்லன்னா இன்னொரு வீட்டுல இன்னொரு செரினா அந்த முதல் அறிக்கைய மட்டும் படிப்பா" என்றீர்கள். சம்சுன்னிசா அம்மையாருக்கு வந்ததே கோபம்! "இன்னைக்கே எழுதணுமா? போங்க டாக்டர், மொதல்ல அண்ணன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க! நான் எழுதுறேன்!" எழுதினார். பலித்த கதைகளைப் பாய்ந்து வாங்கும் இதழ்கள் பலிக்காத கதைக்குப் பல நாள் கதவைத் திறக்கவில்லை. கடைசியில் ஒன்று திறந்தது. தங்கள் பெயர் அதில் ஆசிரியர் வரிசையில் இல்லை. நோயாளியின் குடும்பத்தாருக்கு நன்றி என்று ஒரு வரி இருக்கிறது, அது தாங்கள்தான்.

மாத்திரையை நிறுத்தினார்கள், மயக்கம் போனது. அதே தாழ்வாரத்தில் இயன்முறைப் பயிற்சி தொடங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பிறகு விரலால் தொட்டுக்கொண்டு, பிறகு லீலா அக்காவைத் திட்டிக்கொண்டு அண்ணன் நடந்தார். நோய் எங்கும் போய்விடவில்லை. அது தேய்த்துக்கொண்டே இருக்கும் வேகத்துக்கும் கல்யாண நாளுக்கும் இடையே ஓர் ஓட்டப் பந்தயம். எது முந்தும் என்று யாருக்கும் தெரியாது. தங்களுக்கும் தெரியாது.

கல்யாணத்தன்று நாங்கள் அனைவரும் தேவாலயத்துக்கு வந்தோம். வாசலிலேயே சம்சுன்னிசா அம்மையார் எங்களைப் பிடித்து நிறுத்தினார். "எல்லாரும் அவங்கவங்க போனை பைக்குள்ள போடுங்க. மாசக்கணக்கா அந்த மனுஷன் நமக்காக நடந்தாரு. இன்னைக்கு அவரு மகளுக்கு நடக்குறாரு." போட்டோம். படமெடுக்க வந்தவரோ மணமகளின் முகத்தை விட்டு இம்மியும் நகரவில்லை. அவர் படத்தில் ஆர்னால்ட் அண்ணனின் தோள் இருக்கிறது, கால் இல்லை. தாங்கள் முதல் வரிசையில் இருந்தீர்கள். எங்களுக்குத் தங்கள் முதுகும் பச்சைப் பட்டுப் புடவையும் மட்டும் தெரிந்தன.

விருந்தில் சம்சுன்னிசா அம்மையார் தங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆசையோடு கேட்டார்: "எப்படி டாக்டர், நடை? நீங்க சொல்லுங்க."

தாங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "நான் பாக்கல, சம்சு."

"என்ன சொல்றீங்க?"

"கண்ண மூடிக்கிட்டேன். பாட்டு ஆரம்பிச்சதும் மூடிக்கிட்டேன். விழுந்துட்டாருன்னா... பாக்க தைரியம் இல்ல."

அம்மையீர்! பார்த்தாயா, நீயே பார்த்தாயா, எங்கிருந்து பார்த்தாய், எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று எங்களை ஆயுசுக்கும் கேட்டவர் தாங்கள். அந்த ஒரு நடையைத் தாங்கள் பார்க்கவில்லை. அன்றிலிருந்து சம்சுன்னிசா அம்மையார் மனத்தில் அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஆகவேதான் கடலையும் மேகத்தையும் வெட்டி இந்த இடத்தை மிச்சம் பிடித்தார். நாங்கள் பார்த்ததைத் தங்களுக்குச் சொல்லத்தான் இந்த மடல். கேளுங்கள்.

வாசலில் அண்ணன் கொஞ்சம் நின்றார். செரினா அவர் கையைப் பிடிக்கவில்லை, அவர்தான் செரினாவின் கையைப் பிடித்தார். இடக் காலை முதலில் வைத்தார். கால்கள் அகன்று விழுந்தன, ஆனால் விழுந்த இடத்தில் நின்றன. தூண் அருகே ஒரு பக்கமாகச் சாய்ந்தார். ஜெபமாலையோடு இருந்த ஓர் அம்மா எழுந்தேவிட்டார். செரினா இழுக்கவும் இல்லை, தாங்கவும் இல்லை. முக்காட்டைச் சரிசெய்வதுபோல் சும்மா நின்றார். பாடகர் குழுவும் புரிந்துகொண்டு அதே அடியைத் திரும்பப் பாடியது. அண்ணன் தலையை நிமிர்த்தி எங்கோ உயரத்தில் பார்த்தார், நேரானார், நடந்தார். எங்கள் வரிசையைக் கடக்கும்போது ரமீஸைப் பார்த்துக் கண்ணடித்தார். ரமீஸ் குலுங்கிக் குலுங்கி அழுதார், தெரியுமா? பீடத்தின் முன்னால் மகளின் கையை ஜோனத்தன் கையில் வைத்துவிட்டு, திரும்பி, யார் உதவியும் இல்லாமல் இன்னும் சில அடி வைத்து, வந்து தங்கள் தோளைத் தொட்டார். அப்போதுதான் தாங்கள் கண்ணைத் திறந்திருக்க வேண்டும்.

சாட்சி சொல்பவர்கள் அவர்மேல் பாசம் வைத்தவர்கள். அளவுகோல் இல்லை, படம் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் ஆளும் இல்லை. தரம் மிகக் குறைவு என்று தாங்கள் சொல்வீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். அவர் நடந்தார், அம்மையீர். கடைசி வரைக்கும் நடந்தார். நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

தங்களைப் பிரிய எங்களுக்கு மனம் இல்லை. அதை அலங்காரமாகச் சொல்லவும் தெரியவில்லை. நோய் அறவே நீங்கி நூறாண்டு வாழ்க என்று வாழ்த்தினால் அண்ணன் சிரிப்பார், தாங்கள் ஆதாரம் கேட்பீர்கள். ஆகவே எங்களால் முடிந்ததை வாழ்த்துகிறோம். உடல்நலமும் உள்ள நிறைவும் பெற்று, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ, இருவரும் நீடு வாழ்க! காலையும் மாலையும் அந்தத் தாழ்வாரத்தில் அவரோடு கூட நடங்கள். நன்றாக நடந்தால் நல்லா நடக்கிறீங்க என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், இனி யாரும் தடுக்கப் போவதில்லை. கண்ணை மட்டும் மூடாதீர்கள்.

என்றும் தங்கள் அன்பில்,
சம்சுன்னிசா, பிரபாகர், ரிஸ்வான், ரமீஸ்
மற்றும் மருத்துவச் சான்று மதிப்பீட்டுப் பிரிவின் பணியாளர்கள்
சிங்கப்பூர்